மூட்டைக்குக் காவல் யார்?



பயணத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். பயணத்திற்கு மூட்டை கட்டுவதைப் பற்றிப் பேசியவர்கள் அரியர். மலையும் கடலும் கண்ணுக்கு விருந்தளிப்பவை. அவற்றை வருணிப்பதில் பெருமை உண்டு. பெட்டியில் எத்தனை துண்டு வைப்பது, எந்தப் பையில் மருந்து வைப்பது என்று பேசுவதில் என்ன பெருமை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும் இன்று அந்தச் சிறிய செய்தியைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

விடுமுறை வந்தால் உங்களில் பலர் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்படுவீர்கள். இராட்டினமும் நீர்ச்சறுக்கும் செயற்கை அலைக்குளமும் கொண்ட அந்தப் பூங்காவில் யார் மகிழ்வார், யார் மகிழமாட்டார் என்பது பெரும்பாலும் அங்கே போய் முடிவாவதில்லை. முந்தின நாள் இரவு, உங்கள் வீட்டுக் கூடத்தில், மூட்டை கட்டும்போதே அது முடிவாகிவிடுகிறது. இதை நான் ஏட்டில் படித்துக் கற்றேன் அல்லேன், பட்டறிந்து கற்றேன்.

என் ஊர் இராஜபாளையம். என் தாய் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊர்களுக்கும் இடையே அரை மணி நேரப் பயணந்தான். எங்கள் பக்கத்தில் மூட்டை கட்டுதல் புதிய கலை அன்று. ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு வந்த சுற்றுப்புறத்து மக்கள் கட்டுச்சோற்றோடு வந்தார்கள். சாரல் காலத்தில் குற்றாலம் போனவர்கள் நல்லெண்ணெய்க் குப்பியும் சீயக்காய்ப் பொட்டலமும் ஈரிழைத் துண்டும் கொண்டு போனார்கள். வழியில் உண்பதற்கு எடுத்துச் செல்லும் உணவுக்கு ஆற்றுணா என்றும் தோட்கோப்பு என்றும் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. ஆறு என்றால் வழி. வழியில் உண்பது ஆற்றுணா. தோளில் சுமந்து செல்வது தோட்கோப்பு. ஒரு சோற்று மூட்டைக்கு இரண்டு பெயர் இட்ட மக்கள், அந்த மூட்டையை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்!

ஆனால், கேளிக்கைப் பூங்கா என்பது குற்றாலம் அன்று. அது நம் பாட்டிமார் அறியாத இடம். டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் டிவோலிப் பூங்கா 1843-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஒரு கதையுலகத்தையே கண்முன் எழுப்பிக் காட்டும் டிஸ்னிலாந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிறந்தது. நம் மாநிலத்தில், தாம்பரத்திற்கு அருகே கிஷ்கிந்தா 1995-இல் தோன்றியது. கொச்சி நகரை அடுத்து வீகாலேண்டு என்னும் பூங்கா 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பின்னர் வொண்டர்லா எனப் பெயர் மாறியது. எங்கள் ஊரார் பொதிகை விரைவுவண்டியில் இரவில் ஏறினால் காலையில் சென்னையில் இறங்கலாம். கொச்சிப் பக்கம் போவதானால், மதுரையிலிருந்து குருவாயூர் செல்லும் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு செங்கோட்டைக்குப் போய், மலையைக் கடந்து கேரளத்தில் இறங்குகிறது. வழி எளிதாகிவிட்டது. மூட்டை கட்டும் முறை மட்டும் குற்றாலத்துக்குக் கட்டிய பழைய முறையாகவே நின்றுவிட்டது. அதனால் விளைந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். என் தாய், அண்ணன், அண்ணி, என் மனைவி, நான், பிள்ளைகள் மூவர். எந்தப் பூங்கா என்பது வேண்டா. குறை பூங்காவினுடையது அன்று, எங்களுடையது. மூட்டை கட்டும் பொறுப்பை வழக்கம்போல் என் தாயே ஏற்றார். ஏற்றார் என்று சொல்வதுகூடப் பிழை. நாங்கள் அதை அவரிடம் விட்டுவிட்டோம் என்பதே மெய். இரவு இரண்டு மணி வரை அடுக்களையில் விளக்கு எரிந்தது. புளியோதரை ஒரு தூக்கு, மிளகாய்ப் பொடி தடவிய இட்டலி ஒரு தூக்கு, தேங்காய்ச் சட்டினி, முறுக்கு, இரண்டு கிலோ பால்கோவா. எட்டுப் பேருக்கும் மூன்று மாற்றுடை, துண்டுகள், இரண்டு போர்வை, ஒரு தலையணை, பாய். விடிந்து எண்ணிப் பார்த்தபோது பைகள் பதினொன்று.

பூங்காவின் வாயிலில் இரண்டு விதிகள் எங்களை எதிர்கொண்டன. வெளி உணவு உள்ளே கொண்டுவரலாகாது என்பது ஒன்று. பருத்தி உடை, சேலை, வேட்டி ஆகியவற்றோடு குளத்தில் இறங்கலாகாது, நைலான் உடை வேண்டும் என்பது மற்றொன்று. உணவுப் பைகளை வாயிலில் ஒப்படைத்தோம். எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கிருந்த கடையில் அவசரமாக உடை வாங்கினோம். என் தாயைப் பார்த்தேன். அவர் கட்டியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிச் சேலை. "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நீங்க போங்க. பைகளை யாராவது பார்த்துக்கணுமில்ல?" என்றார். நாங்களும் சரி என்று போய்விட்டோம். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரு வாதுமை மரத்தின் நிழலில் அவர் அமர்ந்திருந்தார்.

மாலையில் என் மகள் ஓடிவந்து, "அப்பத்தா, நீ எந்தச் சறுக்குல போனே?" என்று கேட்டாள்.

"நான் பையை எண்ணிக்கிட்டே இருந்தேன் கண்ணு. அதுவும் ஒரு விளையாட்டுத்தான்" என்றார் என் தாய்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிரவு வண்டியில் எனக்கு உறக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு பைகளில் நாங்கள் திறந்தவை நான்கே. மற்ற ஏழும் போன வண்ணமே திரும்பி வந்துகொண்டிருந்தன. தேங்காய்ச் சட்டினி நண்பகலுக்குள் புளித்துவிட்டது. எட்டுப் பேரின் தேவையையும் எண்ணி எண்ணிக் கட்டிய அந்த அம்மையார், தமக்கென்று எதையும் கட்டவில்லை. கட்டச் சொல்லவும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு நீரில் இறங்க விருப்பம் உண்டா என்று நாங்கள் கேட்டதே இல்லை. நுழைவுச் சீட்டு மட்டும் எட்டு வாங்கியிருந்தோம்!

நண்பர்களே, இக்கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. எந்தப் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் மரத்தடியில் பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். அவரை அங்கே உட்கார வைத்தது யார்? மூட்டைதான். ஆகவே, காவல் வேண்டாத மூட்டையைக் கட்டுவது எப்படி என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலாவதாக, பொருளைக் கொண்டு தொடங்காதீர்கள். ஆளைக் கொண்டு தொடங்குங்கள். நாம் வழக்கமாக எழுதும் பட்டியல் துண்டு, சீப்பு, சோப்பு என்று போகும். அதைக் கிழித்துப் போடுங்கள். ஒரு தாளில் குடும்பத்தினர் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டங்கள் வரையுங்கள்: போகும் வழி, நீருக்குள், நீரை விட்டு வந்த பின், திரும்பும் வழி. அந்தந்தக் கட்டத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். யாருடைய பெயருக்கு எதிரே "நீருக்குள்" என்னும் கட்டம் காலியாக இருக்கிறதோ, அவரிடம் போய் நேரில் கேளுங்கள். விருப்பமின்றிக் காலியாக இருந்தால் அது அவர் உரிமை. அவருக்கு நிழலும் நல்ல இருக்கையும் படிக்க ஒரு புத்தகமும் வேண்டும் என்று எழுதுங்கள். உடை இல்லாமையாலோ, கூச்சத்தாலோ, யாரும் கேளாமையாலோ காலியாக இருந்தால், அது நம் குறை. புறப்படுமுன் அதைத் தீர்க்கலாம். மூட்டை கட்டும் கலையில் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, உடை. பருத்தியை வேண்டா என்று சொன்னால் இராஜபாளையத்துக்காரனுக்குச் சற்று மனம் வருந்தத்தான் செய்யும். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாகப் பல நூற்பாலைகளைக் கண்ட ஊர் எங்கள் ஊர். பஞ்சும் நூலுமே பலருக்குச் சோறு போட்டன. அப்படியிருந்தும், நீர்க்குளத்தில் பருத்திக்கு இடமில்லை. காரணத்தை அறிந்துகொண்டால் வருத்தம் நீங்கும். பருத்தி இழை நீரை விரும்பி உள்ளே வாங்கிக்கொள்வது. காற்றில் உள்ள ஈரத்தையே அது தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு வரை ஏற்கும். நைலான் ஏற்பது ஏறத்தாழ 4 விழுக்காடுதான். நீரில் நனைந்தாலோ பருத்தியாடை கனத்துத் தொங்கும்; காலைச் சுற்றும்; சறுக்கில் உடல் தடையின்றி வழுக்கிச் செல்ல விடாது. அதன் நுண்ணிய இழைகள் உதிர்ந்து நீரை வடிகட்டும் பொறியை அடைக்கும். சேலையின் முந்தானையும் துப்பட்டாவும் எங்கேனும் சிக்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே அந்த விதி நம்மைக் காக்கும் விதி.

ஆனால் நீரை விட்டு வெளியே வந்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. நீரை விரும்பி வாங்கும் குணம் நீருக்குள் குற்றம். துவட்டும்போது அதுவே குணம். நைலான் துண்டால் உடம்பைத் துவட்டிப் பாருங்கள், தெரியும். நனைந்த உடம்பைத் துவட்டவும், மாற்றி உடுக்கவும், திரும்பும் வழியில் வியர்வையை ஏற்கவும் பருத்திக்கு நிகர் இல்லை. எனவே ஆளுக்கு ஒரு நைலான் உடை, ஒரு பருத்தித் துண்டு, ஒரு பருத்தி மாற்றுடை. ஒரு நாள் பயணத்துக்கு இவை போதும். மூன்று மாற்றுடை வேண்டியதில்லை. நைலான் உடையை முன்கூட்டியே, ஊரிலேயே, அளவு பார்த்து வாங்கிவிடுங்கள். கைகால்களை முழுதும் மறைக்கும் நைலான் உடைகள் பெண்களுக்கு உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். "நமக்கு ஏற்ற உடை ஏது?" என்ற தயக்கத்தாலேயே பலர் கரையில் தங்கிவிடுகின்றனர்.

மூன்றாவது, உணவு. பல பூங்காக்கள் வெளி உணவை உள்ளே விடுவதில்லை. ஆதலின் நாம் கட்ட வேண்டியது பூங்காவுக்கு உரிய உணவு அன்று. வழிக்கு உரிய உணவு. பச்சிளங்குழந்தைக்கோ நோயாளிக்கோ தனி உணவு வேண்டுமானால் முன்னரே பூங்காவாரிடம் கேட்டறிவது நலம். வழி உணவு என்ற அளவில் நம் முன்னோரின் அறிவை மிஞ்ச இயலாது. புளியோதரை ஏன் கெடுவதில்லை? புளியில் உள்ள அமிலம் நுண்ணுயிர்களை எளிதில் பெருக விடுவதில்லை. காய்ச்சிய நல்லெண்ணெயும் உப்பும் அதற்குத் துணை நிற்கின்றன. தேங்காய்ச் சட்டினி ஏன் கெடுகிறது? ஈரமும் சத்தும் மிக்க அதில், வெயில் ஏற ஏற நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. எனவே இட்டலிக்கு மிளகாய்ப் பொடியும் எண்ணெயுமே வழித்துணை. தயிர்ச்சோறு வேண்டுமானால், பாலை மிகுதியாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் உண்ணும் வேளைக்கு அளவாகப் புளித்திருக்கும். இவையெல்லாம் வேதியியல் நூலைத் திறவாமலே நம் வீட்டுப் பெண்டிர் கண்டறிந்தவை.

பால்கோவாவைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. பாலை விடாது கிளறி, அதன் நீரை ஆவியாக்கி, எஞ்சிய ஈரத்தையும் சர்க்கரையின் பிடியில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அது சில நாள் பயணத்தைத் தாங்குகிறது. ஆனால் நீர் விளையாடி வந்த பிள்ளைக்குத் தாகந்தான் மிகுதி. இனிப்பு தாகத்தைத் தணிக்காது. ஆகவே பால்கோவாவை இரண்டு கிலோவாகக் கட்டாமல் கால் கிலோவாகக் கட்டுங்கள். போகும் ஊரில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்கள் கையில் கொடுங்கள். ஊரின் பெயரைச் சொல்லும் பொருளைச் சுமந்து திரும்புவதைவிட, பகிர்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அழகு.

நான்காவது, மருந்து. இதற்குத் தனியாக ஒரு சிறு பை வேண்டும். அது எப்போதும் கையோடு இருக்க வேண்டும். பெரிய பெட்டியின் அடியில் கிடக்கும் மருந்து, வேண்டியபோது கிடைக்காத மருந்தே. வீட்டு முதியவர்கள் அன்றாடம் உண்ணும் மாத்திரைகள், ஒரு நாளுக்கு உரியவை கூடுதலாக. மருத்துவர் எழுதிய சீட்டின் படி ஒன்று. சிறு காயத்துக்குக் கட்டுத்துணி. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்வதில் பெயர் பெற்றது. எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒருவர் காயத்தைச் சுற்றும் துணி எங்கள் பக்கத்துத் தறியில் நெய்யப்பட்டதாக இருக்கலாம். அந்தத் துணியில் ஒரு சுருள் நம் பையில் இல்லாவிட்டால் அது முறையாகுமா?

வெயிலில் நாள் முழுதும் ஆடுபவர், நீருக்குள்ளேயே இருந்தாலும், உடலின் நீரை இழக்கிறார். உடம்பு நனைந்திருப்பதால் வியர்ப்பது தெரிவதில்லை. எனவே உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கட்டாயம் வேண்டும். அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்ளலாம். தேக்கரண்டி தலைதட்டிய அளவாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் தீங்கு. மாணவர்களாகிய நீங்கள் இந்த அளவை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பூங்காவுக்கு மட்டும் அன்று, வாழ்நாள் முழுதும் உதவும்.

ஐந்தாவது, கொண்டு போகலாகாதவை. தங்கச் சங்கிலியும் காதணியும் வீட்டிலேயே இருக்கட்டும். அலைக்குளத்தில் விழுந்த தோட்டைத் தேடுவது, கடலில் விழுந்த கடுகைத் தேடுவதற்கு ஒப்பாகும். காவல் வேண்டிய பொருள் எதையும் எடுத்துச் செல்லாவிட்டால், காவலுக்கு ஆள் எதற்கு? எஞ்சிய பணத்தையும் கைப்பேசியையும் பூங்காவின் பூட்டறையில் வைத்துவிடலாம். பூட்டறைக்கு அடங்குமளவுக்கே பை இருக்க வேண்டும் என்பதை ஓர் அளவுகோலாகவே கொள்ளுங்கள்.

நெகிழிப் பைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் நம் மாநிலத்தில் 2019 சனவரி முதலும், கேரளத்தில் 2020 சனவரி முதலும் தடை செய்யப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் ஊரின் மேற்கே நிற்கும் மலையை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் வாழும் சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-இல் அக்காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. கொச்சி செல்லும் இருப்புப்பாதையும் செங்கோட்டைக்கு அப்பால் இதே மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் கடக்கிறது. பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது சன்னல் வழியாக நீங்கள் எறியும் உறை, அந்த மலையில்தான் விழும். ஆகவே ஈரத் துணிக்கு, பலமுறை பயன்படும் நீர் கசியாத பை ஒன்று. மற்றவற்றுக்கு, நம் பாட்டன்மார் திருமண வீட்டிலிருந்து தேங்காய் பழத்தோடு கொண்டுவந்த மஞ்சள் துணிப்பை. அந்தப் பைக்கு 2021-இல் அரசே மீண்டும் புத்துயிர் அளித்தது.

மூட்டையில் கட்ட முடியாதவையும் சில உண்டு. வீட்டில் இராஜபாளையத்து நாய் இருக்கலாம். 2005-இல் அஞ்சல் தலையிலே இடம்பெற்ற பெருமையுடைய அந்த வெள்ளை நாய், அந்நியரை எளிதில் அண்டவிடாது. சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, "சோறு வையுங்கள்" என்று சொன்னால் போதாது. நான்கு நாள் முன்னதாகவே அவர் கையால் சோறு வைக்கச் சொல்லிப் பழக்க வேண்டும். இதுவும் மூட்டை கட்டுவதில் சேர்ந்த வேலைதான். சிறு குழந்தைகளின் மனத்தையும் இவ்வாறே முன்கூட்டிப் பழக்க வேண்டும். பெரிய இராட்டினங்களில் ஏற உயர வரம்பு உண்டு. வீட்டுச் சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்து, "இந்த ஆண்டு இவற்றில் ஏறலாம்; அவற்றில் அடுத்த ஆண்டு" என்று சொல்லி வைத்தால், வாயிலில் அழுகை எழாது. குழந்தையின் பையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய சீட்டு ஒன்றும் இருக்கட்டும்.

கடைசியாக, சுமப்பது யார் என்னும் கேள்வி. 2020-ஆம் ஆண்டு வெளியான பள்ளிப்பை பற்றிய நடுவணரசின் கொள்கை, பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்றது. அந்தக் கணக்கை இங்கும் கொள்ளலாம். முப்பது கிலோ எடையுள்ள சிறுவன் மூன்று கிலோ சுமக்கலாம். அவனுடைய நைலான் உடை, துண்டு, மாற்றுடை, நீர்க்குப்பி எல்லாம் சேர்ந்தாலும் அதற்குள் அடங்கும். எனவே அவனவன் பையை அவனவனே கட்டட்டும், அவனவனே சுமக்கட்டும். கட்டி முடித்தபின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஒரு முறை நடந்து வாருங்கள். தோள் வலித்தால் திரும்பி வந்து இரண்டு பொருளை வெளியே எடுங்கள். எதை எடுப்பது என்ற ஐயம் எழுந்தால், "வேண்டியிருந்தாலும் இருக்கும்" என்று எண்ணி எதை வைத்தீர்களோ, அதை எடுங்கள். என் தாய் கட்டிய ஏழு பைகளும் அந்தச் சொல்லால் நிறைந்தவைதாம்.

சென்ற ஆண்டு நாங்கள் மறுபடியும் போனோம். அதே எட்டுப் பேர். இம்முறை தாளை எழுதியவள் என் மகள். "அப்பத்தா" என்ற பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைக் காட்டி, "இதுல என்ன எழுதட்டும்?" என்று அவரிடம் கேட்டாள். அவர் உடனே மறுமொழி கூறவில்லை. அரிவாள்மனையை ஒதுக்கி வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். பின், "ஆழமில்லாத எடம் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றாள் அவள். கருநீல நைலான் உடை ஒன்று, முழுக்கையும் முழங்காலுக்குக் கீழ் வரையும் மறைப்பதாக, அளவு பார்த்து வாங்கினோம். அதை உடுத்திக்கொண்டு அவர் முற்றத்தில் இரண்டு முறை நடந்து பார்த்தார்.

எட்டுச் சிறு பைகள். மருந்துப் பையும் சோற்றுத் தூக்கும் தனி. பூங்காவில் எட்டுப் பைகளும் இரண்டு பூட்டறைகளில் அடங்கின. அந்த வாதுமை மரத்தடியில் வேறு யாரோ ஓர் அம்மையார், பைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார். என் தாய் அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குளத்தின் ஓரமாக இறங்கினார். முதல் அலை முழங்கால் வரை வந்தது. இரண்டாவது அலை இடுப்பு வரை வந்தது. அவர் சிரித்த சிரிப்பு எங்களுக்குப் புதிது. அறுபத்து மூன்று வயதில், குற்றாலத்துச் சாரலில் நனைந்த சிறுமியாக அவர் ஒரு கணம் தெரிந்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இந்த விடுமுறைக்கு மூட்டை கட்டும்போது, "அம்மா, என் துண்டு எங்கே?" என்று கேட்குமுன், "அம்மா, உங்கள் உடையை எடுத்து வைத்தாயிற்றா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை உங்கள் பையில் முதலில் வையுங்கள். அதற்கு எடை இல்லை.